பதினேழு படியும் ஒரு குளியலறையும்

கேள்வி: வணக்கம் தம்பி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 34 வருடம் கிராணியாக (எழுத்தராக) இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். எனக்கு 61, மனைவிக்கு 59. அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம், இனிப்பு நீரும் உண்டு. தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, முன்பே வாங்கிப் போட்டிருந்த தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்துவிட்டோம். 20க்கு 65 அடித் தரை வீடு, மூன்று அறை. முன்னறையில் படுக்கிறோம். கழிவறையும் குளியலறையும் சமையலறைக்குப் பக்கத்தில் தனித்தனியாக இருக்கின்றன, ஒன்று 3க்கு 5 அடி, இன்னொன்று 4க்கு 5. கழிவறை குந்தும் வகை, எனக்கு அதுதான் சரிப்படும். கோலாலம்பூரில் இருக்கும் மகன், மாடி எழுப்பி எங்களுக்கு மேலே பெரிய அறையும் ஒட்டினாற்போல் குளியலறையும் கட்டலாம் என்கிறான். கான்ட்ராக்டர் 90,000 வெள்ளி சொல்கிறார், இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தில்தான் செய்ய வேண்டும். ஜொகூர் பாருவில் இருக்கும் மகளோ, வீட்டை விற்றுவிட்டு ஈப்போவில் அடுக்குமாடி வாங்குங்கள் என்கிறாள். எது சரி?

பதில்:

அண்ணே, வணக்கம். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. நீங்களும் அண்ணியும் படுப்பதற்காக என்றால் மாடி வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கீழேயே போடுங்கள், அதுவும் படுக்கைக்கும் கழிவறைக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தூரத்தில். மிச்சம் இ.பி.எஃப்.பிலேயே கிடக்கட்டும்.

உங்கள் மகனைக் குறை சொல்லவில்லை. அப்பா அம்மாவுக்கு நல்ல அறை, காற்று வரும் ஜன்னல், பக்கத்திலேயே குளியலறை என்று ஆசைப்பட்டிருக்கிறார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன் நான், எனக்கும் மாடி வீடு என்றால் அப்படி ஒரு மயக்கம் இருந்தது. எங்கள் லயத்தில் கழிவறை வீட்டுக்குப் பின்னால் தள்ளி இருந்தது, ராத்திரியில் போக வேண்டுமென்றால் டார்ச் லைட்டும் வேண்டும், துணைக்கு ஒரு ஆளும் வேண்டும், மழை என்றால் விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். துரை பங்களா மேட்டில், லயம் பள்ளத்தில். அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு முன்னேற்றம் என்றாலே மேலே ஏறுவதுதான். என்னிடம் பிளான் வரையச் சொல்லி வருகிற ஓய்வு பெற்றவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்பதும் மாடிதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள், நீங்கள் கணக்கு எழுதியே பழகியவர். கீழ்த்தரையிலிருந்து மேல்தரைக்குக் குறைந்தது பத்தடி. நம் நாட்டின் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணை விதிகளின்படி ஒரு படி 180 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது, கால் வைக்கும் இடம் 255க்குக் குறையக்கூடாது. பத்தடியை 180ஆல் வகுத்தால் பதினேழு படி வரும். அண்ணி காலையில் இறங்க 17, சாப்பிட்டபின் கொஞ்சம் சாயலாம் என்று ஏற 17, சாயங்காலம் விளக்கு வைக்க மறுபடி இறங்க 17, ராத்திரி ஏற 17. முழங்கால் தேய்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், ஏறுவதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடலாம், இறங்குவதுதான் உயிர் போகிறது என்று. பிறகு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு நாள் ஹாலில் மெத்தை விழும், கொஞ்ச நாளைக்குத்தான் என்பார்கள், அது அங்கேயே இருந்துவிடும். நான் வரைந்து கொடுத்த வீடுகளிலேயே இரண்டில் இப்படி ஆகியிருக்கிறது. மேலே பெரிய அறை பூட்டிக் கிடக்க, வீட்டுக்காரர் டிவிக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

மாடியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உங்கள் வரிசை வீட்டின் அஸ்திவாரம் ஒரு தளத்தையும் கூரையையும் தாங்கத்தான் போட்டது, இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு. அதன்மேல் ஒரு தளம் ஏற்ற வேண்டுமென்றால் புதிதாகத் தூணும் அதற்கு அடியில் புது அஸ்திவாரமும் வேண்டும், பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்ட வரைபடம் வேண்டும், நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். உங்கள் கான்ட்ராக்டர் சொன்ன 90,000க்குள் இதெல்லாம் அடக்கமா என்று கேட்டுப் பாருங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்.

தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் எங்கே படுப்பார்கள் என்று மகன் கேட்பார். முன்னறையைக் கொடுங்கள், ஹாலில் பாய் விரியுங்கள். பிள்ளைகளுக்கு ஹாலில் வரிசையாகப் படுப்பதுதான் கொண்டாட்டமே. வருடத்தில் அஞ்சாறு நாள்.

முன்னறையைக் கொடுங்கள் என்றேன் அல்லவா, காசே செலவில்லாத முதல் மாற்றம் அதுதான். உங்கள் மூன்றாவது அறை, சமையலறையை ஒட்டியது, அதில் என்ன இருக்கிறது? எழுதவில்லை, ஆனால் சொல்லவா: பழைய சூட்கேஸ், மகனின் பள்ளிக் கோப்பைகள், ஓடாத ஒரு மின்விசிறி, தோட்டத்திலிருந்து கொண்டுவந்து இன்னும் பிரிக்காத பெட்டிகள். அதைக் காலி செய்து அங்கே படுங்கள். இப்போது முன்னறையில் எழுந்து, ஹாலைக் கடந்து, சமையலறையைக் கடந்து கழிவறைக்குப் போக முப்பது அடிக்குக் குறையாது. இனிப்பு நீர் உள்ளவர்கள் ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பார்கள். தூக்கக் கலக்கம், இருட்டு, அவசரம் மூன்றும் சேர்ந்த முப்பது அடி. பின்னறைக்கு மாறினால் அது பத்தடி ஆகிவிடும். பின்னறைக்கும் குளியலறைக்கும் பொதுச்சுவர் இருந்தால் இன்னும் நல்லது, அதில் ஒரு வாசல் திறந்து மேலே லிண்டல் போட்டுவிட்டால் நாலு அடிதான்.

சரி, இப்போது குளியலறை. இதைத்தான் நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

என் அம்மா வீட்டில் நடந்தது இது. அம்மாவுக்கு எழுபது தாண்டியதும் பிடிமானத்துக்கு ஒரு கம்பி வேண்டும் என்று ஆள் வைத்தேன். நான் அன்றைக்கு ஊரில் இல்லை. வந்தவர் துண்டு போடுகிற கம்பியை மாட்டுவதுபோல ஒரு அங்குலத் திருகாணி நாலு போட்டு மாட்டிவிட்டுப் போய்விட்டார். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. திருகாணி டைலையும் அதன் பின்னால் இருந்த பூச்சையும் மட்டும்தான் பிடித்திருக்கிறது, செங்கல்வரை போகவே இல்லை. இரண்டாவது வாரம், அம்மா உட்கார்ந்து எழுந்திருக்கும்போது உடம்பின் பாரத்தை அதில் போட்டார், கம்பி டைலோடு கையில் வந்துவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. ‘கம்பி இல்லாத காலத்துல நான் விழுந்ததே இல்ல’ என்று அம்மா இன்னும் சொல்லிக் காட்டுவார். வீடு வீடாகப் பிளான் வரைகிறவன், பதில் சொல்ல வாய் இல்லை.

அந்த ஆறு வாரம் அம்மா கூடவே இருந்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கழிவறை நிலைக்கட்டையில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், வெள்ளைப் பெயின்ட் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. சமையலறைச் சுவர் முனையில் இன்னொன்று. ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒன்று. பின்வாசல் கிரில்லில் ஒரு கம்பி மட்டும் பெயின்ட் உரிந்து வழுவழுவென்று. எண்ணெய்க் கையும் மஞ்சள் கையும் பல வருடமாகப் பட்டுப் பட்டு வந்த கறை. அம்மா எங்கெல்லாம் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று வீடே குறித்து வைத்திருந்தது, வருடத்துக்கு ஒருமுறை நான்தான் அதன்மேல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். எம்.எஸ். 1184 என்று ஒரு மலேசியத் தரநிலை இருக்கிறது, 2014இல் திருத்தியது, முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் புழங்கும் இடங்களுக்கான அளவுகள் எல்லாம் அதில் உண்டு, நானும் அதைப் பார்த்துத்தான் வரைகிறேன். ஆனாலும் அதற்குப் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நிலைக்கட்டையைத்தான் பார்க்கிறேன். நீங்கள் புது வீட்டுக்கு இப்போதுதான் வந்திருப்பதால் கறை இருக்காது. அதனால் அண்ணியிடம் சொல்லாமல் ஒரு வாரம் கவனியுங்கள், எங்கே கை வைக்கிறார் என்று. பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டால் பிடிக்கவே மாட்டார், அம்மாக்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான்.

உங்கள் 3க்கு 5 கழிவறையில் ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நின்று தூக்கிவிட இடமில்லை. நடுச்சுவரை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்குங்கள். ஏழடிக்கு ஐந்தடி கிடைக்கும். சக்கர நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும், அது அதற்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். சக்கர நாற்காலி என்றதும் வாயைக் கழுவு என்று அண்ணி சொல்வார், சொல்லட்டும், வேண்டாமலே போகட்டும், இடம் மட்டும் இருக்கட்டும். அந்த நடுச்சுவர் பெரும்பாலும் அரைச் செங்கல் தடுப்புச் சுவராகத்தான் இருக்கும், ஆனாலும் மேலே பீமோ தண்ணீர்த் தொட்டியோ அதன்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு பொறியாளரைப் பார்க்கச் சொல்லாமல் சுத்தியலை எடுக்கவிடாதீர்கள். குளியலறையில் பழைய சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதையும் உடைத்துவிடுங்கள். மொண்டு ஊற்றிக் குளித்தால்தான் குளித்த மாதிரி இருக்கும் என்பது எனக்கும் தெரியும், அதற்கு முட்டிக்கால் உயரத்தில் ஒரு மேடையும் வாளியும் போதும். தொட்டி போனால் ஏடிஸ் கொசுவுக்கு அபராதம் எழுத வருகிறவர்களுக்கும் வேலை மிச்சம்.

கதவு உள்ளே திறக்கக்கூடாது. உள்ளே விழுந்தவர் கதவுக்கு எதிரில்தான் விழுந்து கிடப்பார், வெளியிலிருந்து தள்ளினால் அவரைத்தான் தள்ளுவோம். வெளிப்பக்கம் திறக்கிற கதவு, இல்லாவிட்டால் பக்கவாட்டில் தள்ளுகிற கதவு போடுங்கள். தாழ்ப்பாள் வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருகினால் திறக்கிற வகையாக இருக்கட்டும். இப்போது இருப்பது பிளாஸ்டிக் கதவு, இரண்டரை அடிக்கும் குறைவு என்று நினைக்கிறேன். புதிதாக வைக்கும் நிலை மூன்றடி இருந்தால் கதவு போக உள்ளே 800 மில்லிமீட்டருக்கு மேல் தாராளமாகக் கிடைக்கும்.

தரை. நம் ஊர்க் குளியலறை எல்லாம் இரண்டு அங்குலம் இறங்கி, வாசலில் ஒரு திண்டும் வைத்திருப்பார்கள், தண்ணீர் வெளியே வராமல் இருக்க. இளம் கால் அதைத் தாண்டும், தேய்ந்த முழங்கால் தூக்காமல் இழுத்து வைக்கும், அங்கேதான் தட்டும். திண்டை எடுத்துவிட்டுத் தரையை உயர்த்தி, வாசலிலிருந்து எதிர்மூலைக்குச் சரிவு கொடுத்து, குளிக்கிற பக்கம் சுவரோரமாக நீளமான வடிகால் வைக்கச் சொல்லுங்கள். ஏழடி நீளத்துக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு போதும், காலுக்கும் தெரியாது, தண்ணீரும் நிற்காது. டைல் கடைக்குப் போகும்போது ஒரு போத்தல் தண்ணீரில் இரண்டு சொட்டுச் சோப்பு கலந்து எடுத்துக்கொண்டு போங்கள். பிடித்த டைலைத் தரையில் வைத்து அதை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களே தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. டைல் பெட்டியில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று வழுக்கல் எண் போட்டிருக்கும், எண் ஏற ஏறப் பிடிப்பு அதிகம். குளியலறைக்கு ஆர்11 கேளுங்கள். சின்னச் சின்ன டைலாக இருந்தால் இன்னும் நல்லது, நடுவில் இருக்கிற கோடுகளே காலைப் பிடிக்கும். ஹாலுக்கு எல்லாரும் போடுகிற பளபள பாலிஷ் டைலை இங்கே கொண்டுவர வேண்டாம்.

குந்தும் கழிவறைதான் சரிப்படும் என்கிறீர்கள். அண்ணே, உங்களுக்குச் சரி, அண்ணிக்கு? இரண்டு கழிவறைக்கு இடமில்லை, அதனால் இதில் நீங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். உட்காரும் வகையை வாங்கி, குந்துகிற மாதிரி வேண்டுமென்றால் காலுக்கு ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொள்ளுங்கள், போய்விட்டு வரும்போது மறக்காமல் ஓரமாக நகர்த்திவிடுங்கள். பேசினின், அதாவது உட்காரும் கோப்பையின் உயரம்தான் முக்கியம். அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் அளந்து அதோடு ஒரு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள்.  கடையில் மலிவாகக் கிடைப்பது அதைவிடத் தணிவாக இருக்கலாம்.

பிடிமானக் கம்பியைப் பற்றி ஏற்கெனவே வயிறெரிந்தாயிற்று. ஒன்றேகால், ஒன்றரை அங்குலக் கனம், சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் விரல் நுழைய ஒன்றரை அங்குலம் இடைவெளி, கழிவறைப் பக்கம் தரையிலிருந்து இரண்டேகால் அடி உயரம், அண்ணியின் கை எங்கே போகிறதோ அதற்கேற்ப முன்னே பின்னே. திருகாணி செங்கலுக்குள் ஆழமாகப் போக வேண்டும், வெறும் அரைச் செங்கல் சுவராக இருந்தால் கெமிக்கல் ஆங்கர் என்று பசை ஊற்றிப் பதிக்கிற வகை உண்டு, அதைக் கேளுங்கள். ரப்பரால் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கம்பி இணையத்தில் மலிவாக வரும், வாங்கவே வாங்காதீர்கள். மாட்டி முடித்ததும், காசு கொடுப்பதற்கு முன்னால், மாட்டியவரையே அதில் முழு எடையும் போட்டுத் தொங்கச் சொல்லுங்கள். தயங்கினார் என்றால் புரிந்துகொள்ளலாம்.

வெள்ளைச் சுவர், வெள்ளை டைல், வெள்ளைப் பேசின் என்று எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடாதீர்கள். கண்ணில் புரை விழ ஆரம்பித்தவர்களுக்குப் பேசின் எங்கே முடிகிறது, தரை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. பேசினுக்குப் பின்னால் நீலமோ பச்சையோ ஒரு பட்டை டைல் ஒட்டுங்கள். சுடுதண்ணீர் ஹீட்டர் வைக்கிறீர்கள் என்றால் அதற்கென்று தனியாக 10 மில்லி ஆம்பியர் கசிவில் விழுகிற பாதுகாப்பு சுவிட்சு இருக்க வேண்டும், வீட்டுக்குப் பொதுவாக இருப்பதை நம்ப வேண்டாம், உரிமம் உள்ள வயர்மேனை வைத்துச் செய்யுங்கள். கடைசியாக ஒன்று, வயர் இல்லாத வாசல் மணி கடையில் கிடைக்கிறது அல்லவா, அதன் பொத்தானைக் கழிவறைச் சுவரில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒட்டுங்கள். நின்றுகொண்டு அழுத்த இல்லை, விழுந்துவிட்டால் படுத்தபடியே அழுத்த. தண்ணீர் படாத வகையாகப் பார்த்து வாங்குங்கள், மணி ஹாலில் இருக்கட்டும், அது கத்துகிற கத்தில் நீங்கள் டிவியை விட்டு எழுந்து வந்துவிடுவீர்கள்.

குளியலறை இவ்வளவுதான். மற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் இருபது வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள், அதனால் பழைய ஒற்றை விளக்கு போதாது. படுக்கையிலிருந்து குளியலறை வரை ஆள் நடந்தால் தானே எரிகிற சின்ன விளக்குகளைத் தாழ்வாகப் பொருத்துங்கள், கண்ணில் அடிக்காமல் தரையை மட்டும் காட்டும். சுவிட்சு போர்டைக் கழற்றி மாட்டுகிற வேலை இருந்தால் அப்படியே மூன்றரை அடிக்கு இறக்கிவிடுங்கள், பிளக்கை முழங்கால் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். உருண்டைக் குமிழ்ப் பிடியைக் கழற்றிவிட்டுக் கதவுக்கு நீளக் கைப்பிடி போடுங்கள், விரல் மூட்டு வலிக்கிறவர்களுக்குக் குமிழைத் திருகுவது பெரும்பாடு.

முன்வாசலில் கார் நிறுத்துகிற இடத்துக்கும் வீட்டுத் தரைக்கும் ஒரு படி, ஆறு அங்குலம் இருக்கும். சாய்தளம் போடுவதற்குக் கணக்கு சுலபம், ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். ஆறு அங்குலத்துக்கு ஆறடி. அதற்குக் குறைத்து ‘ஒரு மூன்றடியில முடிச்சிரலாம்’ என்று யாராவது சொன்னால் அது மோட்டார் சைக்கிள் ஏற்றத்தான் ஆகும். மழைச்சாரல் அடிக்கிற இடம் என்பதால் அங்கேயும் சொரசொரப்பான டைல். செருப்பை வாசலில் பரப்பாமல் ஒரு தட்டில் வையுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து போட ஒரு நாற்காலி. பின்னால் கால்வாயோரம் துணி துவைக்கிற இடத்தில் பாசி பிடித்திருக்கும், அதைப் போய்ப் பாருங்கள், முருங்கைக்கீரை பறிக்க அண்ணி அங்கேதான் போவார்.

சாமி மேடையை யாரும் யோசிப்பதில்லை. முக்காலியில் ஏறி நின்று விளக்கேற்றுகிற உயரத்தில் இருந்தால் மார்பு உயரத்துக்கு இறக்கிவிடுங்கள், விளக்குக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள். பளபள டைலில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு விழுந்தால் போதும். கேஸ் தோம்பு (சிலிண்டர்) 14 கிலோ கேஸ், இரும்பு எடை தனி. அதை வெளியே வைத்துக் குழாயை உள்ளே கொண்டுவந்துவிட்டால், தோம்பு மாற்ற வருகிறவர் வெளியிலேயே மாற்றிவிட்டுப் போவார், நீங்கள் உருட்டிக்கொண்டு குனிய வேண்டாம்.

கிரில் விஷயத்தில் நம் வீடுகள் எல்லாம் சிறைதான். ராத்திரி முன்னால் ஒரு பூட்டு, பின்னால் ஒரு பூட்டு, சாவி எங்கேயோ. தீப்பிடித்தால் கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி, எந்தச் சாவி என்று தேடி. இரண்டு பூட்டுக்கும் ஒரே சாவி வாங்குங்கள், வெளியிலிருந்து கைக்கு எட்டாத, உள்ளே இருட்டிலும் கைக்கு எட்டுகிற ஓர் ஆணியில் அது மட்டும் தொங்கட்டும். படுக்கையறை ஜன்னல் கிரில்லில் ஒரு பகுதியை உள்ளிருந்து திறக்கிற மாதிரி வெட்டிக் கீல் வைத்துவிடுங்கள். நம்பிக்கையான பக்கத்து வீட்டில் ஒரு சாவி.

மகள் சொன்ன ஈப்போ யோசனைக்கு வருகிறேன். தப்பான யோசனை இல்லை. பெரிய மருத்துவமனை ஈப்போவில்தான், லிஃப்ட் இருந்தால் படியும் இல்லை. ஆனால் லிஃப்ட் பழுதான அன்றைக்கு எட்டாவது மாடியில் இருக்கிற அண்ணியை நினைத்துப் பாருங்கள், மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தையும் நினைத்துப் பாருங்கள். அதைவிடப் பெரியது, உங்களுக்கு அங்கே யாரைத் தெரியும்? 34 வருடம் காலையில் இருட்டோடு, தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டவர் நீங்கள், உங்களுக்கு சுங்கை சிப்புட் பசாரில் நடந்தால் பத்துப் பேர் நின்று பேசுவார்கள். இரண்டு நாள் நீங்கள் காப்பிக் கடைக்கு வரவில்லை என்றால் யாராவது மோட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். எந்த அடுக்குமாடிக் காவலாளியும் அதைச் செய்ய மாட்டார். இங்கேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, ஈப்போ முப்பது கிலோமீட்டர்தான், ரயிலும் நிற்கிறது. நீங்கள் கார் ஓட்ட முடியாமல் போகிற நாளை மட்டும் இப்போதே யோசியுங்கள். உங்கள் தாமானிலிருந்து கடை, கோவில், கிளினிக் மூன்றுக்கும் நடக்கிற தூரமா, இல்லாவிட்டால் கூட்டிப் போக யார் இருக்கிறார்கள் என்று. மூன்றும் எட்டாத தூரம், ஆளும் இல்லை என்றால் மகளின் பேச்சை மறுபடி எடுத்துப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்ல நான் ஆளில்லை, ஆனாலும் ஒன்று. 60 வயதாகிவிட்டது என்பதற்காக இ.பி.எஃப்.பை முழுசாக எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை, போட்டு வைத்தால் 100 வயது வரை லாப ஈவு கொடுக்கிறார்கள். வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். கான்ட்ராக்டரிடம் மொத்தமாக ஒரே தொகையாக விலை எழுதி வாங்காதீர்கள், இடிப்பது, குழாய், மின்சாரம், டைல், கதவு, கம்பி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள், வேலை முடிய முடியப் பணம், கடைசிப் பத்து விழுக்காடு கம்பியில் தொங்கிக் காட்டியபின். சுவர் இடிப்பதற்கும் புது வாசல் திறப்பதற்கும் அனுமதி வேண்டுமா என்று நகராண்மைக் கழகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சத்தமும் தூசியும் அவருக்கும்தானே. வேலை நடக்கிற நாட்களில் வீட்டில் கழிவறையே இருக்காது என்பதை மறந்துவிடாதீர்கள், அண்ணி அப்போது ஜொகூர் பாருவில் மகள் வீட்டில் இருக்கட்டும். நீங்கள் இங்கே இருந்து மேற்பார்வை பாருங்கள்.

அண்ணியின் முழங்காலுக்குக் கிளினிக் போகும்போது டாக்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் ‘பெமுலிஹான் சாரா கெர்ஜா’ என்று ஒரு பிரிவு இருக்கும், வீட்டில் ஒருவர் எப்படி எழுகிறார், குளிக்கிறார், நடக்கிறார் என்பதைப் பார்த்து என்ன உயரத்தில் என்ன வேண்டும் என்று சொல்வதே அவர்களின் வேலை. கடிதம் வாங்கிக்கொண்டு போனால் குடிமக்களுக்குச் சில வெள்ளிதான். அவர்கள் சொல்கிற உயரமும் நீங்கள் பென்சிலால் குறித்த உயரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அவர்கள் சொல்வதை வையுங்கள், நான் வரைகிறவன்தான், அவர்கள் உடம்பைத் தெரிந்தவர்கள்.

இப்போதைக்கு மூன்று அளவு எனக்கு அனுப்புங்கள். கழிவறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள சுவரின் கனம், பின்னறை வாசலின் அகலம், அப்புறம் அண்ணி உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை. அளவுநாடா வேண்டாம், அண்ணியின் தையல் நாடாவே போதும். நான் கோடு போட்டு அனுப்புகிறேன், அதுவரை அந்தக் கான்ட்ராக்டருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.